மழை மட்டும்தானா காரணம்? ஜான்ஸ்டவுன் வெள்ளம், 1889

பீடோர் வட்டாரத்துப் பழைய ஈயக்குட்டைகளில் தூண்டில் போட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால், "இந்த மண்கரையை யார் பார்த்துக்கிறாங்க?" என்று நாம் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஒருவர் கேட்டார். சரியான பதில் கிடைக்கவில்லை. கடைசியில் ஓர் ஊரே அழிந்தது.

பென்சில்வேனியா மாநில அரசு, கால்வாய்ப் படகுகளுக்குத் தண்ணீர் தேக்குவதற்காக சவுத் ஃபோர்க் மண் அணையைக் கட்டி 1853இல் முடித்தது. உயரம் 72 அடி. இரயில் வந்ததும் கால்வாய்க்கு வேலையில்லாமல் போனது. அணையும் தனியார் கைக்கு மாறியது. 1879இல் பணக்காரர்களின் பொழுதுபோக்கு மன்றம் ஒன்றுக்காக அது வாங்கப்பட்டது. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியும் அதில் ஓர் உறுப்பினர்.

அணையில் மூன்று குறைகள் இருந்தன:

1. தண்ணீரைத் திறந்துவிடும் அடிக்குழாய்களை முந்தைய உரிமையாளர் கழற்றி விற்றிருந்தார். மன்றம் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை.
2. குதிரைவண்டி போவதற்காக அணையின் உச்சியைத் தாழ்த்தினார்கள்.
3. மீன் தப்பிவிடாமல் இருக்க, உபரிநீர் வெளியேறும் வழியில் கம்பித்தடுப்பு வைத்தார்கள்.

ஜான்ஸ்டவுன் இரும்பாலையின் தலைவர் டேனியல் மோரல், 1880இல் பொறியாளரை அனுப்பிப் பார்வையிடச் செய்து எச்சரித்தார். ஆபத்தே இல்லை என்று மன்றம் பதில் எழுதியது.

31 மே 1889 அன்று பெருமழை. குப்பை கம்பித்தடுப்பை அடைத்தது. மண் அணையின் மேலே தண்ணீர் வழியவே கூடாது. வழிந்தால் மண்ணை அரித்துவிடும். அன்று அதுதான் நடந்தது. தந்தியில் எச்சரிக்கை போனது. ஆனால் 'புலி வருது' கதையாகப் பலமுறை கேட்டுப் பழகிய மக்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பகல் 3 மணிக்குப் பின் அணை உடைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் 14 மைல் தொலைவிலிருந்த ஜான்ஸ்டவுனை வெள்ளம் அடித்துச் சென்றது. 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

மன்றத்தின் மீது தொடுத்த வழக்குகளில் யாருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை. 'கடவுள் செயல்' என்றாகிவிட்டது. கார்னகி பிறகு அந்த ஊருக்கு நூலகம் கட்டித் தந்தார். இன்று அந்தக் கட்டடத்தில்தான் வெள்ள அருங்காட்சியகம் இருக்கிறது.

மாணவர்களே, காரணம் கேட்டால் 'கனமழை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது உடனடிக் காரணம். அடிப்படைக் காரணம், பத்து ஆண்டுகளாக மனிதர்கள் எடுத்த முடிவுகள்.

சிந்திக்க: மூன்று குறைகளில் எதைச் சரிசெய்திருந்தால் ஊர் தப்பியிருக்கும்? காரணத்தோடு எழுதுக.