மலாக்காச் செங்கல்லும் சூளைத் தீயும்

மலாக்கா நகரிலுள்ள கிறிஸ்து தேவாலயம் 1753ஆம் ஆண்டில் டச்சுக்காரர்களால் கட்டி முடிக்கப்பெற்றது. அதன் சிவப்பைக் காண்போர் செங்கல்லின் நிறமே அஃது என எண்ணுவர். அன்று, வெண்சுவருக்கு 1911இல் பூசிய சாயமே அது.

செங்கல்லின் இயற்கைச் செம்மையோ களிமண்ணிலுள்ள இரும்பு சூளையில் காற்றோடு கூடுவதால் வருவது. ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பச்சைக்கல் மண்ணோடு பிணைந்த நீரை இழக்கும். பின்னர் மழையில் கரையாது. எனினும் வலிவு குறைவு. 900 முதல் 1000 பாகையில் மண்துகள்கள் சிறிது உருகி ஒட்டிக்கொள்ள, வலிமை ஏறும். வெப்பம் மிகுந்தால் கல் கோணிவிடும்.

வேக்காடு குறைந்த கல் கடற்கரை ஊர்களில் நீரையும் உப்பையும் உறிஞ்சிப் பொடியும். ஆதலின் பழஞ்சுவரைப் பழுதுபார்ப்போர் நிறத்தை நம்பலாகாது; தட்டினால் கணீரென ஒலிக்கிறதா, நீரை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பவற்றையே நோக்குதல் வேண்டும்.