விதியுள்ள மாயம், உரிமம் பெற்ற ஆற்றல்: ஒரு புனைவு மரபின் வளர்ச்சி

மாயம் மெய்யென்று ஊரே ஒப்புக்கொண்டு, அதைப் பாடமாகப் படித்துத் தொழிலாகச் செய்யும் மாற்றுப் பூமி, அமெரிக்க வெகுஜனப் புனைவில் 1940 வாக்கில்தான் தெளிவாக உருப்பெற்றது. அதற்கு முன்பும் கதைகளில் மந்திரவாதிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்களின் வித்தை பெரும்பாலும் ரகசியமாகவே இருந்தது. அந்த ரகசியம் பாடத்திட்டமானதற்கு நாவலாசிரியர்களைவிட ஒரு மானிடவியலருக்கே அதிகம் கடன்பட்டிருக்கிறோம் என்பது என் துணிபு.

அவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபிரேசர். 1890இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவரது 'தி கோல்டன் பவ்', மூன்றாம் பதிப்பில் 12 தொகுதிகளாகப் பெருத்தது. பல நாட்டு மந்திரச் சடங்குகளை அவர் இரண்டு விதிகளுக்குள் அடக்கினார். ஒத்தது ஒத்ததை விளைவிக்கும்: பாவையில் ஊசி குத்தினால் பகைவனுக்கு வலிக்கும். ஒருமுறை தொட்டுக்கொண்டிருந்தவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும்: வெட்டிய நகமும் உதிர்ந்த முடியும் பிறர் கையில் சிக்கக் கூடாது. மாயமும் அறிவியலைப் போல இயற்கையில் ஓர் ஒழுங்கு உண்டென நம்புகிறது, ஆனால் காரணகாரியத்தைத் தவறாகக் கோக்கிறது என்று அவர் முடித்தார். கதாசிரியர்கள் அந்த 'ஆனால்' தொடங்கி மீதியை வெட்டிவிட்டு, விதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வெட்டியவர்கள் கூடிய இடம், ஜான் கேம்ப்பெல் 1939 மார்ச்சில் தொடங்கிய 'அன்னோன்' இதழ். கேம்ப்பெல் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஜே. பி. ரைன் 25 அட்டைகள் கொண்ட கட்டை வைத்துப் புலன்கடந்த அறிவைச் சோதித்ததும் அங்கேதான். 1940இல் டி கேம்ப்பும் பிராட்டும் இவ்விதழில் எழுதிய கதைகளில் ஓர் உளவியலர் தருக்கக் குறியீடுகளின் துணையால் வேறு உலகங்களுக்குப் போகிறார். ஃபிரேசரின் இரு விதிகளும் அங்கே வேலை செய்கின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் ஹைன்லைனின் 'தி டெவில் மேக்ஸ் தி லா' வந்தது. கதைசொல்லி கட்டுமானப் பொருள் வியாபாரி. பெயர் ஆர்ச்சி ஃப்ரேசர்! மந்திரம் அவருக்கு மின்சாரம்போல அன்றாடச் செலவு. மந்திரத் தொழிலை ஒரு நிறுவனம் ஏகபோகமாக்க முயல, சிக்கல் சட்டமன்றம்வரை போகிறது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் 'அன்னோன்' 1943இல் நின்றது.

இம்மரபின் உச்சம் ராண்டல் காரெட்டின் லார்ட் டார்சி கதைகள். முதல் கதை 1964இல் 'அனலாக்'கில் வெளியானது. அவ்விதழுக்கும் கேம்ப்பெல்தான் ஆசிரியர். 1199இல் ஷாலூ கோட்டையருகே அம்புக் காயத்தால் இறந்த இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட், இங்கே பிழைத்துக்கொள்கிறார். ஆங்கில–பிரெஞ்சுப் பேரரசு 20ஆம் நூற்றாண்டுவரை நீடிக்கிறது. மாயத்தின் விதிகளைக் கணித வடிவில் வகுத்தவர் ஒரு துறவி. உரிமம் தருவது திருச்சபை. துப்பறிவாளர் டார்சிக்கு மந்திரத் திறன் இல்லை. தடயங்களை ஆராயும் மாந்திரீகர் ஷான், தம் சோதனையால் எதை நிறுவ முடியும், எதை முடியாது என்று அவருக்கு விளக்கிக்கொண்டே வேலை செய்கிறார். வித்தை ஷானுடையது, ஆனால் அதன் கோட்பாடு கேட்பவர் எவருக்கும் விளங்கும். மாயம் ஒரு கல்வித்துறையாவது இந்த இடத்தில்தான். காரெட் இன்னொன்றையும் யோசித்தார்: மாயம் படிப்பாகிவிட்ட நாட்டில் பௌதிகம் தேங்கிவிடுகிறது.

பிறவி ஆற்றல்கள் பற்றிய கதைகள் வேறு வழியில் போயின. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1987இல் தொகுக்கத் தொடங்கிய 'வைல்ட் கார்ட்ஸ்' வரிசையில், 1946 செப்டம்பர் 15 அன்று நியூயார்க் மீது வேற்றுக்கோள் கிருமி பரவுகிறது. தொற்றியவர்களில் 90 விழுக்காட்டினர் சாகிறார்கள். 9 விழுக்காட்டினர் உருக்குலைகிறார்கள். ஒரு விழுக்காட்டினருக்கே ஆற்றல் வாய்க்கிறது. ஆற்றல் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருடையதை இன்னொருவர் கற்க வழியில்லை. ஆகவே அரசு விசாரிக்கிறது, கண்காணிக்கிறது. ஹோரிகோஷியின் 'மை ஹீரோ அகாடமியா' மாங்கா (2014–2024) இதை இன்னும் விரிக்கிறது. மக்களில் சுமார் 80 விழுக்காட்டினர் ஆற்றலோடு பிறக்கும் அவ்வுலகில் பள்ளி உண்டு, தேர்வு உண்டு, உரிமம் உண்டு. பாடமோ பெரும்பாலும் பயிற்சியும் ஒழுக்கமுந்தான். ஆற்றல்கள் தலைமுறைதோறும் கலந்து வலுத்துக் கட்டுமீறும் என்ற பொதுக் கோட்பாடு ஒன்றும் அதில் உண்டு. அதை முன்வைப்பவர் வில்லனின் மருத்துவர்.