நுரையும் ஈரலும்

சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்ரயிலில் குரோம்பேட்டை தாண்டினால் தாம்பரம் சானடோரியம். டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் நிலையத்துக்குப் பெயர் தந்தது. 1937-இல் அரசு அதை ஏற்றது. இன்று நெஞ்சக நோய் மருத்துவமனையாக இருக்கும் அங்கே வரிசையில் நின்றால், "லங்ஸ்ல சளி கட்டியிருக்காம்" என்பது காதில் விழும். நுரையீரல் என்று சொல்பவர் அரிது. எனக்கு அது மனக்குறைதான். நோயின் கதையே அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். மூன்றுக்கும் அடிச்சொல் ஈரல். முன்னே நிற்கும் கல்லும் மண்ணும் நுரையும் கையால் தொட்டறிந்தவன் வைத்த பெயர்கள் என்றே நினைக்கிறேன். கறிக்கடையில் பாருங்கள்: கல்லீரல் கனத்து இறுகியிருக்கும். மண்ணீரல் அழுத்தினால் குழைந்துவிடும். நுரையீரலை நீரில் போட்டால் மிதக்கும். அறுத்துப் பிழிந்தால் இளஞ்சிவப்பாய் நுரை தள்ளும். அந்த நுரை முழுக்கக் காற்று. ஆங்கில 'லங்' என்பதன் வேரும் 'கனமற்றது' என்பதே. ரஷ்ய மொழியிலும் அந்த உறுப்பின் பெயர் 'லேசானது' என்றே பொருள்படும். அவர்கள் எடையைப் பார்த்தார்கள், நாம் எடை குறைந்ததற்கான காரணத்தைப் பார்த்தோம்.

இருமும்போது வரும் ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக நுரைத்திருந்தால் அது நுரையீரலிலிருந்து வந்திருக்கலாம் என்று மருத்துவர் ஐயுறுவார். வயிற்றிலிருந்து வருவது பெரும்பாலும் கறுத்திருக்கும். சொல்லிலேயே அந்த அடையாளம் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நிமோனியாவில் காற்றறைகளுக்குள் நீரும் சீழும் நிறைந்தால் நுரையீரல் இறுகிவிடும். நோய்க்கூற்றியலார் அந்த நிலைக்குக் 'கல்லீரலாதல்' என்று பொருள்படும் கிரேக்கவழிச் சொல்லையே வைத்தார்கள். அந்தத் துண்டை நீரில் போட்டால் மூழ்கிவிடும். நுரை போய்விட்டால் மிஞ்சுவது வெறும் ஈரல் என்பதைத் தமிழ்ப்பெயர் முன்பே பிரித்து வைத்திருக்கிறது.

சவுரிமுத்துவின் காலத்தில் காசத்தைக் கொல்லும் மருந்து இல்லை. திறந்தவெளி, ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் சிகிச்சை. தாம்பரத்துக் காட்டோரக் காற்றை நம்பித்தான் கட்டில்கள் போடப்பட்டன. இன்று மாத்திரைகள் இருக்கின்றன. ஆறு மாதம் விடாமல் விழுங்கினால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடிக்கும்போது, காற்றுள்ள இடம் கறுப்பாகவும் இறுகிய இடம் வெள்ளையாகவும் தெரியும். அந்தக் கறுப்பெல்லாம் நுரை.