தீவகக் கட்டடக்கலை: வண்ணமும் எளிமையும்

குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து புறப்படும் படகுகளில் ஒன்று நயினாதீவுக்கும் மற்றொன்று நெடுந்தீவுக்கும் போகிறது. முன்னதில் கோபுரம் முழுக்க வண்ணம். பின்னதில் பூச்சே காணாத முருகைக்கல் மதில்கள். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இந்த இரு அழகுகளும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன.

நெடுந்தீவின் தரை முருகைக்கல், அதாவது பவளப்பாறை; அதன்மேல் மெல்லிய மண் படை. காணி எல்லைக்கும் ஆடுமாட்டுக்கும் அந்தக் கல்லையே மதிலாக அடுக்கினார்கள். சாந்து இல்லை. அடியில் பெரிய கற்கள். சொரசொரப்பான முகங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்படி மேலடுக்குகள். இடுக்குகளில் சிறு கற்கள். சோழகக் காற்று ஓட்டைகளுக்குள் நுழைந்து மறுபக்கம் போய்விடும். அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் கண் சலிப்பதில்லை.

அந்நியரும் இதே கல்லைத்தான் நம்பினர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டையும், நெடுந்தீவில் சிதைந்து நிற்கும் கோட்டையும் முருகைக்கல் கட்டடங்களே.

நயினாதீவின் கதை வேறு. 1620இல் போர்த்துக்கேயர் இடித்த நாகபூசணி அம்மன் கோவில் 1788இல் மீண்டும் எழுந்தது. 1958இலும் 1986இலும் மறுபடி தாக்கப்பட்டது. 2012இல் எழுந்த கிழக்குக் கோபுரத்தின் உயரம் 108 அடி. தட்டுத் தட்டாகச் சுதை உருவங்கள், அவற்றில் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. கடலில் வருபவருக்குத் தொலைவிலேயே தெரியவேண்டும் என்ற தேவையோடு, கோவில் பலமுறை தாக்கப்பட்ட ஊரின் உறுதியும் அந்த நிறங்களில் இருக்கிறது. ஆனால் இவ்வளவும் வெளியில்தான். சைவ முறைப்படி கருவறை மூலவர் கல்லின் நிறத்திலேயே இருப்பார்.

ஐரோப்பாவில் இவ்விரு போக்குகளும் எதிரெதிராக நின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவின் கட்டடக்கலைஞர் அடோல்ஃப் லூஸ் அலங்காரத்தைக் குற்றம் என்றார். 1961இல் இந்தியாவுக்கு வந்துபோன இத்தாலிய வடிவமைப்பாளரான எத்தோரே சொட்சாஸ், இருபது ஆண்டுகள் கழித்து மிலான் நகரில் மெம்ஃபிஸ் என்ற வடிவமைப்புக் குழுவோடு துள்ளும் நிறங்களைக் காட்சிக்கு வைத்தார். தீவகத்தில் அப்படி ஒரு வழக்கு எழவே இல்லை. மதிலுக்கு மதிலின் வேலை, கோபுரத்துக்குக் கோபுரத்தின் வேலை.

இன்று ஆபத்தில் இருப்பது எளிமைதான். கோபுரத்துக்குக் குடமுழுக்குத்தோறும் புதுப்பூச்சு கிடைக்கிறது. சரிந்த மதிலின் இடத்திலோ சீமெந்துச் சுவர் வருகிறது. கரையோரத்தில் முருகைக்கல் அகழச் சட்டம் இடந்தருவதில்லை என்பதால், விழுந்த கல்லை அதே இடத்தில் திரும்ப அடுக்குவதே வழி. அந்தக் கைவேலை தெரிந்த முதியவர்களிடம் இளையவர்கள் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும். பிரதேச சபையும் அதற்குக் கூலி ஒதுக்க வேண்டும்.