கார் நுழையாத 297 கிலோமீட்டர்: ஒரு கால்வாய்க் கரையின் கதை



நம் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வருகிறவர்கள் பலர். உங்கள் மகனோ மகளோ வாஷிங்டன் பக்கம் இருந்தால் வெள்ளை மாளிகையையும் அருங்காட்சியகங்களையும் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை ஜார்ஜ்டவுன் கால்வாய்க் கரைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். மண்ணும் சரளையுமான ஒரு பாதை அங்கே தொடங்குகிறது. போடோமாக் ஆற்றை ஒட்டியே காடு, வயல், சிற்றூர் என்று 297 கி.மீ. ஓடி, மேரிலாந்து மாநிலத்தின் கம்பர்லாந்து ஊரில் முடிகிறது. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். காருக்கும் மோட்டார் பைக்குக்கும் இடமில்லை.

இந்தப் பாதையை யாரும் சைக்கிளுக்காகப் போடவில்லை. கோவேறு கழுதைகளுக்காகப் போட்டார்கள். அது இன்றும் கார் ரோடாகாமல் இருப்பதற்கு 1954-இல் நடந்த ஒரு நடைப்பயணம் பெரிய காரணம். அந்தக் கதையைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன்.

கழுதை நடந்த வழி

1828 ஜூலை 4. அன்றைய அமெரிக்க அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் கால்வாய்ப் பணியைத் தொடங்கி வைக்க மண்வெட்டியை இறக்கினார். அது வேரில் பட்டு நின்றது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வெட்டினார். கூட்டம் கைதட்டியது. செசபீக் அண்டு ஒகையோ கால்வாய் என்று அதற்குப் பெயர். அலெகனி மலைகளைத் தாண்டி, பிட்ஸ்பர்க்கில் தொடங்கும் ஒகையோ ஆறு வரை படகு விடுவது திட்டம்.

அதே நாளில் அருகிலுள்ள பால்டிமோர் நகரில் பால்டிமோர் அண்டு ஒகையோ ரயில்பாதைக்கும் அடிக்கல் நாட்டினார்கள். கால்வாய்க்குப் போட்டி பிறந்த நாளிலேயே வந்துவிட்டது. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே இருந்த குறுகலான கரை யாருக்கு என்று இரண்டு கம்பெனிகளும் நீதிமன்றத்தில் மோதின. 1832-இல் வழக்கில் வென்றது கால்வாய். ஓட்டத்தில் வென்றது ரயில். ரயில் 1842-இல் கம்பர்லாந்தைத் தொட்டது. கால்வாய் அங்கே போய்ச் சேர 1850 ஆயிற்று. அதற்கு மேல் வெட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. பிட்ஸ்பர்க் கனவு அங்கேயே நின்றது.

கால்வாயை வெட்டியவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். 1832-இல் வந்த காலரா அவர்களில் பலரைக் கொண்டுபோனது. அவர்களுடைய உழைப்பு இன்றும் கண்ணுக்குத் தெரியும்: 74 லாக்குகள், 11 தொட்டிப் பாலங்கள், பாபா என்ற இடத்தில் மலையைக் குடைந்த 950 மீட்டர் சுரங்கம். லாக் என்பது இரு பக்கமும் கதவுள்ள கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீர் விட்டால் படகு மேலெழும். எதிர்க் கதவைத் திறந்தால் மேல்மட்டத்துக்குப் போய்விடும். தொட்டிப் பாலம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப் பாலத்தில் பாசன நீர் போகிறது. இங்கே நிலக்கரிப் படகுகளே பாலத்தின் மேல் போயின.

நூறு டன்னுக்கு மேல் சுமந்த அந்தப் படகுகளைக் கரையில் நடந்த கோவேறு கழுதைகள் கயிற்றால் இழுத்தன. பல குடும்பங்கள் படகிலேயே வாழ்ந்தன. கழுதைகளை ஓட்டிக்கொண்டு நடப்பது பெரும்பாலும் பிள்ளைகளின் வேலை.

சைக்கிள்காரர்கள் இந்தப் பாதையை விரும்புவதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. கால்வாய்த் தண்ணீர் மட்டமாக நிற்க வேண்டும் என்பதால் கரையும் மட்டமாகவே அமைந்தது. லாக் வரும் இடத்தில் மட்டும் சின்ன ஏற்றம். 297 கி.மீ. தூரத்துக்கு மொத்த ஏற்றம் 184 மீட்டர்தான். பத்து வயதுப் பிள்ளையும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம்.

ரோடா, கரையா?

1889 வெள்ளத்தில் கால்வாய் கம்பெனி நொடித்தது. நிர்வாகம் போட்டி ரயில் கம்பெனியின் கைக்கே போனது. 1924 வெள்ளத்துக்குப் பின் படகுகள் அடியோடு நின்றன. 1938-இல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலருக்குக் கால்வாயை வாங்கியது. தண்ணீர் வற்றிய கால்வாய், புதர் மண்டிய கரை. அதன் வழியே கார் ரோடு போட்டால் என்ன என்ற யோசனை வந்தது. 1950-இல் அதற்கான திட்ட அறிக்கையும் தயாரானது.

ரோடு கேட்டவர்களைக் கெட்டவர்களாக நினைக்க வேண்டாம். மேற்கு மேரிலாந்து ஊர்க்காரர்கள் பலர், கார் வந்தால் பயணிகள் வருவார்கள், வியாபாரம் நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையும் 1954 ஜனவரி 3 தலையங்கத்தில் ரோட்டை ஆதரித்தது. ரோடு இருந்தால் இந்த ஆற்றின் அழகை இன்னும் நிறையப் பேர் பார்க்கலாம் என்பது அதன் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல.

அதற்குப் பதில் எழுதியவர் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ். அவர் அந்தக் கரையில் அடிக்கடி நடப்பவர். ஹார்ன் சத்தம் கேட்காத இந்த இடம் நகரத்துக்காரர்களுக்கு ஒரு புகலிடம், ரோடு போட்டால் அதுவே போய்விடும் என்று எழுதினார். அதோடு விடவில்லை. தலையங்கம் எழுதியவரை, என்னோடு முழுத் தூரமும் நடந்து வாருங்கள், அதன் பிறகு முடிவு செய்யுங்கள் என்று அழைத்தார். பத்திரிகை அந்த அழைப்பை ஏற்றது.

மார்ச் 20 அன்று கம்பர்லாந்திலிருந்து நடை தொடங்கியது. டக்ளஸுக்கு அப்போது வயது 55. பத்திரிகை ஆசிரியர்களோடு இயற்கை ஆர்வலர்களும் நிலவியல் அறிந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வழியில் ஊர்க்காரர்கள் வந்து பார்த்தார்கள், சிலர் கொஞ்ச தூரம் கூட நடந்தார்கள். எட்டு நாள் கழித்து, முழுத் தூரத்தையும் நடந்து முடித்தவர்கள் டக்ளஸையும் சேர்த்து ஒன்பது பேர்.

நடந்து பார்த்த ஆசிரியர்கள் தங்கள் கருத்தைப் பெருமளவு மாற்றிக்கொண்டார்கள். கரை முழுவதும் ரோடு வேண்டும் என்பதைப் பத்திரிகை கைவிட்டது. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. நடந்தவர்கள் ஒரு குழு அமைத்துத் தொடர்ந்து கேட்டார்கள். 1961-இல் அதிபர் ஐசனோவர் கால்வாயின் மேல்பகுதியைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். 1971 ஜனவரியில்தான் முழுக் கால்வாயையும் தேசிய வரலாற்றுப் பூங்காவாக்கும் சட்டம் வந்தது. நடைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய 17 ஆண்டுகள்.

கால்வாய் எட்டாத ஊருக்குச் சைக்கிள்

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. கம்பர்லாந்துக்கு அப்பால், மலைகளைத் தாண்டிச் சென்ற வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்பாதை 1970-களில் கைவிடப்பட்டது. தண்டவாளம் எடுத்த அந்த வழியில், யோகியோகெனி ஆற்றங்கரையில் 1986-இல் முதல் துண்டுப் பாதை திறந்தது. நுணுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பிய பாதை. துண்டு துண்டாக வளர்ந்து, 2013-இல் பிட்ஸ்பர்க்கை எட்டியது. நீளம் 241 கி.மீ. பெயர் கிரேட் அலெகனி பாசேஜ்.

ஆக, 1828-இல் படகுக்காகக் கண்ட கனவு 185 ஆண்டுகள் கழித்துச் சைக்கிளில் நிறைவேறியது. வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் வரை சுமார் 540 கி.மீ. வழியிலுள்ள கான்ஃபுளுயன்ஸ், ஒகையோபைல் போன்ற சிற்றூர்களில் சைக்கிள்காரர்களுக்காகவே தங்கும் விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. ரோடு வந்தால் வரும் என்று நினைத்த பயணிகள், ரோடு இல்லாமலேயே வருகிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஜார்ஜ்டவுனிலிருந்து 23 கி.மீ. தூரத்தில் கிரேட் ஃபால்ஸ் அருவி. பேரப்பிள்ளைகளோடு ஒரு நாளில் போய் வரலாம். அங்கேயும் கார் நிறுத்தலாம் என்பதால், முழுத் தூரமும் மிதிக்க முடியாதவர்கள் அங்கிருந்தே கொஞ்சம் நடக்கலாம். மழை பெய்த மறுநாள் பாதை சேறாக இருக்கும். டயர் சற்று அகலமாக இருப்பது நல்லது. சைக்கிளில் மணி இருக்கட்டும். நடப்பவர்களுக்கு முதலில் வழி விட வேண்டும். பாபா சுரங்கம் வரை போகிறவர்கள் டார்ச் எடுத்துச் செல்லுங்கள்; உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. நம் பொதுக்குழுவிலும் காலியாகக் கிடக்கும் இடத்தை என்ன செய்வது என்ற பேச்சு அடிக்கடி எழும். பார்க்கிங்கா, மரமா, நடைபாதையா என்று கூடத்தில் உட்கார்ந்தே வாதாடுவோம். அடுத்த முறை அப்படிப் பேச்சு வந்தால், வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் முதலில் அந்த இடத்துக்கு ஒன்றாகப் போய் நடந்து பார்ப்போம். ஓட்டு அதற்குப் பிறகு போடலாம்.