ஆட்டத்தில் வளரும் மாந்தர்

சதுரங்கப் பலகையிலே ஒரு காலாள் எட்டாம் வரிசையை அடைந்தால் அரசியாக உயர்கின்றது. ஆயினும் ஆட்டம் முடிந்தவுடன் அது மீண்டும் காலாளாகவே பெட்டிக்குட் செல்கின்றது. இன்றைய வெற்றி நாளைய ஆட்டத்துக்கு எவ்வகையிலும் உதவுவதில்லை. பலகையாட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கும் இது பொது இயல்பாகும். இவ்வியல்பை மாற்றி, நேற்றைய அனுபவத்தை இன்றைய ஆட்டத்துக்கு முதலாக்கிய புதுமையொன்று, 1970ஆம் ஆண்டை அடுத்து அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தோன்றியது. மேசையைச் சுற்றியிருந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டமே அது. மனிதரின் வளர்ச்சியை எதனைக் கொண்டு அளப்பது என்னும் பழைய வினா அதன் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது.

இவ்வாட்டத்தின் வேர்கள் போர்ப் பயிற்சியில் உள்ளன. 1824ஆம் ஆண்டிலே பிரசிய நாட்டுப் படையதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பார், படைத்தலைவர்களைப் பழக்குதற்பொருட்டு, நிலப்படத்தின் மீது ஆடும் போராட்டம் ஒன்றின் விதிகளை வெளியிட்டார். பகடையும் நடுநின்று தீர்ப்புக் கூறும் மத்தியஸ்தரும் அதில் இடம்பெற்றனர். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் போர்வீரரைக் கொண்டு ஆடும் விதிகளை எழுதினார். 1971இல் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா நகரவரான கரி கைகக்ஸும் ஜெப் பெரனும் ‘செயின்மெயில்’ என்னும் இடைக்காலப் போராட்ட நூலை வெளியிட்டனர். மாயமந்திரக் கதைமாந்தருக்கென அதில் ஒரு பின்னிணைப்பு இருந்தது. அதன்படி ‘வீரன்’ ஒருவன் நான்கு பேருக்கு நிகராவான். ‘பெருவீரன்’ எட்டுப் பேருக்கு நிகராவான். ஆனால் வீரன் எவ்வாறு பெருவீரனாவான் என்பதற்கு அங்கே விடையில்லை.

அவ்விடை மினசோட்டா மாநிலத்திலிருந்து வந்தது. அங்கே டேவ் ஆர்னிசன் என்பார் தம் நண்பர்களுடன் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டை அமைத்து ஆடி வந்தார். படை முழுவதையும் நடத்துவதற்குப் பதிலாக, ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரே ஒரு பாத்திரத்தை ஏற்றார். உயிர் தப்பிய பாத்திரம் அடுத்த அமர்விலும் வந்தது. முன்னிலும் ஆற்றல் பெற்றது. ஆர்னிசனும் கைகக்ஸும் ஒன்றிணைந்து ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன் டிராகன்ஸ்’, அதாவது நிலவறைகளும் பறவைநாகங்களும் என்னும் ஆட்டம், 1974இல் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. முதற்பதிப்பு ஆயிரம் பிரதிகளே.

அந்நூல்களில் வளர்ச்சி என்பது கணக்காயிற்று. அருஞ்செயல்களுக்கு அனுபவப் புள்ளிகள் வழங்கப்பட்டன. குறித்த தொகை சேர்ந்ததும் பாத்திரம் ஒரு படி உயர்ந்தது. முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறுவதற்குப் போர்வீரனுக்கு 2000 புள்ளியும், மந்திரவாதிக்கு 2500 புள்ளியும், சமயகுருவுக்கு 1500 புள்ளியும் வேண்டியிருந்தன. படி உயர உயர, காயங்களைத் தாங்கும் வலிமை பெருகும். புதிய மந்திரங்கள் கைகூடும். போர்வீரனின் நான்காம் படிக்கு ‘வீரன்’ என்றும் எட்டாம் படிக்குப் ‘பெருவீரன்’ என்றும் பெயரிடப்பட்டமை கவனிக்கத்தக்கது. பழைய நூலில் தனித்தனியே நின்ற இரு நிலைகளுக்கு இடையே இப்பொழுது ஏணி வைக்கப்பட்டுவிட்டது.

புள்ளிகள் எதற்காக வழங்கப்பட்டன என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. நிலவறையிலிருந்து மீட்டுக் கொணரப்பட்ட ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி கிடைத்தது. எதிரிகளை வெல்வதற்கும் புள்ளி உண்டு. ஆனால் 1975இல் வந்த ‘கிறேஹோக்’ என்னும் துணைநூல் எளிய எதிரிகளுக்கான புள்ளியைப் பெரிதும் குறைத்தது. ஆகவே காவலிருக்கும் பூதத்தோடு பொருது மடிவதினும், அதனை ஏமாற்றிப் பொன்னை எடுத்து வருவதே அறிவுடைமையாயிற்று. பொன் சுமப்பவன் வாள்வீச்சில் எவ்வாறு தேர்ச்சி பெறுவான் என வினவியோர் பலர். வினா நியாயமானதே. ஆயினும் அவ்விதி தந்திரத்தையும் முன்னெச்சரிக்கையையும் வளர்த்தது என்பதை மறுத்தற்கில்லை. 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலே பொன்னுக்குரிய புள்ளி விரும்பினாற் கொள்ளும் விதியாகச் சுருங்கியது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலே எதிரிகளை வெல்வதே உயர்வுக்கு முதன்மையான வழியாயிற்று. பரிசு இடம் மாறவே, அறிவுடைய ஆட்டக்காரர் நாடவேண்டிய இலக்கும் இடம் மாறியது.

இதனிடையே வேறு சிலர் ஏணியையே ஏற்க மறுத்தனர். மார்க் மில்லர் 1977இல் வெளியிட்ட ‘டிரவலர்’ என்னும் விண்வெளி ஆட்டத்திலே, பாத்திரத்தின் தேர்ச்சி பெரும்பாலும் ஆட்டம் தொடங்குமுன் ஆற்றிய சேவையிலேயே அமைந்துவிடும். அச்சேவைக் காலத்திலேயே பாத்திரம் இறந்துபோதலுங் கூடும். 1978இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’ படிகளை நீக்கித் திறன்களை நூற்றுவீதத்தால் அளந்தது. ஒரு திறனைப் பயன்படுத்தி வெற்றி கண்டவனே அதில் முன்னேற முயலலாம். அப்பொழுது பகடையிலே தன் தற்போதைய அளவைவிட மேலான எண்ணைப் பெறவேண்டும். நாற்பது வீதம் அறிந்தவனுக்கு ஏறக்குறைய நூற்றில் அறுபது வாய்ப்பு. எண்பது வீதம் அறிந்தவனுக்கு இருபதே. தொடக்கத்தில் விரைவும் தேர்ச்சியில் தாமதமும் என்னும் கல்வியியல்பு இவ்விதியிலே நன்கு அமைந்துள்ளது. 1981இல் சாண்டி பீற்றர்சன் ஆக்கிய ‘கோல் ஒவ் கதுலு’ அறிவுக்கே விலை விதித்தது. மறைபொருளறிவு எவ்வளவு கூடுகின்றதோ, அவ்வளவுக்கு மனத்தெளிவின் எல்லை குறுகும். 2012இல் வந்த ‘டன்ஜன் வேர்ல்ட்’ தோல்விக்குப் புள்ளி வழங்கியது. பிழைத்தவனே கற்கின்றான் என்பது அதன் கொள்கை.

பழைய ஆட்டமும் இம்மாற்றங்களினின்று விலகி நிற்கவில்லை. 2014ஆம் ஆண்டுப் பதிப்பிலே இரண்டாம் படிக்கு 300 புள்ளிகளே போதுமாயின. புள்ளிக் கணக்கை முற்றாகக் கைவிட்டு, கதையின் முக்கிய கட்டங்களிலே பாத்திரங்களை உயர்த்தும் உரிமையும் மத்தியஸ்தருக்கு அளிக்கப்பட்டது. கைகக்ஸ் 2008இலும் ஆர்னிசன் 2009இலும் மறைந்தனர். அவர்கள் வகுத்த படியும் புள்ளியும் கணனி விளையாட்டுகளிலும் பரந்து இன்றும் வாழ்கின்றன.

பொன்னுக்குப் புள்ளி தந்த விதி சூழ்ச்சியாளரையும், வெற்றிக்குத் தந்த விதி போராளிகளையும், பயிற்சிக்குத் தந்த விதி உழைப்பாளிகளையும் உருவாக்க முயன்றது. ஆடியோர் ஒரே தன்மையர், அளவுகோலே வேறுபட்டது. பிள்ளைகளுக்குப் புள்ளியிட்டு வகுப்பேற்றும் பொறுப்புடையோர், விளையாட்டென்று இதனைத் தள்ளிவிடாது சிந்திப்பது நன்று. தோற்றவனும் எதையோ கற்றிருக்கின்றான் என்பதைக் கணக்கிற் சேர்க்க இவ்வாட்டங்களுக்கே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் சென்றன.