ஒரே குற்றம், ரெண்டு தீர்ப்பு

கள்ளக் கையெழுத்து போட்டா என்ன கிடைக்கும்? போட்டது யாருங்கறதைப் பொறுத்தது மக்களே! ஒருத்தருக்கு பிரபு பட்டம், இன்னொருத்தருக்கு தூக்குக் கயிறு.

முதலாமவர் ராபர்ட் க்ளைவ். 1744-ல் கம்பெனி குமாஸ்தாவா நம்ம மெட்ராஸ்ல வந்து இறங்கினவர். 1757-ல் சிராஜ் உத் தௌலாவைக் கவிழ்க்க மீர் ஜாஃபரோடு ரகசிய பேரம். இடையில் இருந்த வியாபாரி உமிசந்த், தனக்கும் பெரிய பங்கு வேணும், இல்லாட்டி நவாப்கிட்ட போட்டுக் கொடுத்துடுவேன்னு மிரட்டினார். க்ளைவ் ரெண்டு ஒப்பந்தம் தயார் பண்ணினார். வெள்ளைத் தாளில் அசல், அதில் உமிசந்த் பங்கே கிடையாது. சிவப்புத் தாளில் போலி. போலியில் கையெழுத்துப் போட அட்மிரல் வாட்சன் மறுக்க, அவர் கையெழுத்தை வேறொருத்தரை விட்டுப் போட வைத்தார். 1762-ல் பிரபு பட்டம். பிற்பாடு பாராளுமன்றக் கமிட்டி கேட்டபோது கூசாமல் ஒத்துக்கொண்டார். 1773-ல் காமன்ஸ் சபை, அவர் 2,34,000 பவுண்டு பெற்றதாகப் பதிவு செய்துவிட்டு, நாட்டுக்குப் பெரும் சேவை செய்தவர் என்றும் தீர்மானம் போட்டது. அவ்வளவுதான் தண்டனை :-)

இரண்டாமவர் மகாராஜா நந்தகுமார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார்னு 1775 மார்ச்சில் கவுன்சிலில் எழுதியே கொடுத்தார். மே மாசம் அவரே கைது! பல வருஷத்துக்கு முந்தைய கடன் பத்திரம் ஒன்றில் ஃபோர்ஜரியாம். தலைமை நீதிபதி எலிஜா இம்பே, ஹேஸ்டிங்ஸோட பள்ளித் தோழர். ஃபோர்ஜரிக்கு மரண தண்டனை என்பது இங்கிலாந்துச் சட்டம், வங்காளத்து வழக்கம் இல்லை. ஆகஸ்ட் 5-ல் தூக்கு.

ஹேஸ்டிங்ஸ் தூண்டித்தான் வழக்கு வந்ததான்னு வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடறாங்க. அதை விடுங்க. அதே இங்கிலாந்துச் சட்டம்தானே க்ளைவுக்கும்?

சரி, ஹேஸ்டிங்ஸை எதிர்த்த கவுன்சில் உறுப்பினர்களாவது காப்பாத்தினாங்களா? தூக்குக்கு முன்னால் நந்தகுமார் அனுப்பிய மனுவை கிளேவரிங் கையிலேயே வைத்திருந்து, எல்லாம் முடிந்தபிறகுதான் கவுன்சில் முன் வைத்தார். புகார் வேணும், புகார் கொடுத்தவர் வேண்டாம்.

ஹேஸ்டிங்ஸ் மீதும் விசாரணை வந்தது. 1788-ல் எட்மண்ட் பர்க் முழங்க ஆரம்பித்து, ஏழு வருஷம் இழுத்து, 1795-ல் விடுதலை. கம்பெனி வருஷம் 4,000 பவுண்டு பென்ஷனும் கொடுத்தது.

நான் படிக்கற இந்த லண்டனில், வெளியுறவு அமைச்சகத்துக்குப் பக்கத்திலேயே க்ளைவுக்குச் சிலை வைத்திருக்காங்க. பெரிய இடத்துத் தப்புக்கு விசாரணையே நடக்காதுன்னு நாம நினைக்கறோம். அது தப்பு. நல்லாவே நடக்கும், ஆவணமெல்லாம் பக்காவா இருக்கும். தண்டனை மட்டும் புகார் கொடுத்தவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்.